வியாழனுக்குள்

மூன்று வாரம் காயவிட்டு அறுங்கள் என்றான்
மரக்கடைப் பையன்.
வியாழன் காலை பத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றது
மருத்துவமனை.
இன்று திங்கள்.
அஸ்டோரியாவில் நவம்பர்:
துவைத்த காலுறைகூடக் காயாத மாதம்.

வண்டியிலிருந்து இறக்கும்போதே தெரிந்தது
பலகையின் எடையில் பாதி தண்ணீர் என்று.
செம்பில் ஏறிய களிம்பின் பச்சை.
கேரேஜ் தரையில் சாய்த்த இடத்தில்
அரை மணியில் ஒரு கருத்த கோடு.

சாய்தளம் முடிந்துவிட்டது. மிச்சம் ஓரத்தடுப்புதான்,
சக்கர நாற்காலி பக்கவாட்டில் விழாமலிருக்க.
கடையில் கிடைத்தது ஆறங்குலம்.
வேண்டியது மூன்று.
இரண்டு பலகை, இரண்டே அறுப்பு.

வெர்னா கையுறையைக் கழற்றினாள்,
சுழல்வதன் அருகே துணி ஆகாது.
கண்ணாடி, முகமூடி,
ரெய்னோவின் காதடைப்பான்
இன்னும் அவன் தலை அகலத்துக்கே விரிந்து
அவளுக்குத் தொளதொளத்தது.
மேசையின் அந்தப் பக்கம் ஐலி, அவனுடைய அக்கா.
பதினோரு வருடமாக
கிறிஸ்துமஸ் அட்டையில் மட்டும் பேச்சு.
"வரும் நுனியைத் தாங்கு. இழுக்காதே."
"தெரியும்."

காய்ந்த மரம் அலறும்.
இது முனகியது.
தூள் பறக்கவில்லை, தெறித்தது;
பிசைந்த மாவுபோல முன்கையில், பொத்தானில்,
மேசையின் பள்ளத்தில் அப்பிக்கொண்டது.
முகமூடியைத் தாண்டியும்
நாணயத்தை நாக்கில் வைத்த சுவை.

மூன்றடி போனது.
நான்காவதில் மோட்டாரின் சுருதி இறங்கியது.
வெட்டிய பிளவு வட்டத்துக்குப் பின்னால்
மெல்ல மூடிக்கொண்டு வந்து
கவ்வியது.
(பிளவைத் திறந்து வைக்கும் தகடு ஒன்று உண்டு.
இடைஞ்சல் என்று ரெய்னோ கழற்றிப் போட்டது
எந்த டப்பாவிலோ கிடக்கிறது.)
பலகை பின்னால் பாய்ந்தது.
அவள் இடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கடந்து
ஃபிரீசரின் கதவில் மோதியது.
விளக்கு அணைந்தது. பிரேக்கர்.
மழை மட்டும் நிற்காமல்.

"விரல்?"
"எண்ணிவிட்டேன். பத்து."

ஐலி சுற்றி வந்தாள்.
பெட்டியைத் தட்டிப் பார்த்தாள், பள்ளத்தைத் தடவினாள்.
ஜன்னல் பொருத்த வாங்கி மிஞ்சிய
தேவதாருச் சீவல் ஒன்றை
அலமாரியிலிருந்து எடுத்தாள்.

ஆப்பு வைப்பது நம் பேச்சில்
அடுத்தவன் குடியைக் கெடுக்கிற வேலை.
இங்கே நடந்தது இப்படி:
பிரேக்கரை ஏற்றி, மறுபடி தொடங்கி,
வெட்டு வட்டத்தைத் தாண்டி இரண்டடி போனதும் நிறுத்தி,
சுழற்சி முழுக்க ஓயும்வரை காத்திருந்து,
ஐலி அந்தப் பிளவில் ஆப்பைச் செருகினாள்.
லேசாக. விரலால் தட்டி.
மரம் மூட முயன்றது, முடியவில்லை.
மிச்ச அறுப்பு மெதுவாகத்தான் போனது,
ஆனால் போனது.
இரண்டாவது பலகைக்கு
யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெட்டுமுகம் வெளிர் மஞ்சள்.
மருந்து அவ்வளவு ஆழம் இறங்கவில்லை.
"உள்ளே வெறும் பைன்தானா" என்றாள் ஐலி,
ஏமாந்தவள்போல.
அங்கே தூரிகையால் பச்சை பூசினார்கள்.
துண்டுகளை அவள் அடுப்புப் பக்கம் கொண்டுபோக,
"எரிக்கக் கூடாது, புகை நஞ்சு" என்றாள் வெர்னா.
ஈரத் தூளைச் சுரண்டி, பையில் கட்டி,
குப்பை வண்டிக்கு.

இருட்டும்போது தடுப்புகளை முடுக்கினார்கள்.
ஒவ்வொரு திருகிலும் துளி நீர் பிதுங்கியது.
ஐலி குனிந்து சாய்தளத்தைப் பார்த்தாள்.
"பலகைகளுக்கு நடுவே இடைவெளியே விடவில்லையே?"
"ஈரத்தில் விடக்கூடாது. காயும்போது தானே விலகும்."
"எவ்வளவு?"
"பென்சில் போகும் அளவு."
"எப்போது?"
"ஆகஸ்ட்டில்."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்து
ஐலி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
அது வெர்னாவின் பென்சில்.

"ஃபிரீசரைப் பற்றி அவன் கேட்டால்?"
"முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று சொல்."